பாலம் வரைக்கும்

குடுக்க மாட்டேன் மந்திரி ஐயா, சும்மா சும்மா கேக்காதீங்க. விருந்தாளியோட துப்பாக்கிய வீட்டுக்காரன்தான் வாங்கி சுவத்துல மாட்டணும், வழியனுப்பும்போது அவன்தான் சுமக்கணும். ஆத்துப் பாலம் வரைக்கும் உங்க உசுரு என் பொறுப்பு. கலகக்காரனுங்க எதிர்ல வந்தா மொதல்ல என்னைத்தான் சுடணும். பயப்படாம நடங்க.

அஞ்சே மாசம்! துருக்கிக்காரன் போயிட்டான், இனி அல்பேனியாவ நாமளே ஆளலாம்னு துர்ரெஸ் ஊரே கூத்தாடிச்சு. கடைசில மொத்த அரசாங்கமும் என் வீட்டு மாடியில அடங்கிருச்சு. கோல்னு ஒரு தபால் மந்திரி இருந்தாரே, நாட்டுல தபாலே கெடையாது. தினம் தனக்குத்தானே ஒரு கடுதாசி எழுதி, அத தானே பிரிச்சுப் படிச்சுட்டு உக்காந்திருப்பாரு. போர் மந்திரி ருஸ்தெமுக்கு மொத்தப் படையே பதினோரு பேரு, அதுல மூணு பேரு மச்சானுங்க. கலகக்காரங்க மலை இறங்குறாங்கன்னதும் நேத்து மச்சானுங்களுக்கு முந்தி கப்பல் ஏறினாரு பாருங்க! உங்களுக்கு எடமில்லன்னுட்டாரா? அட, நன்றிகெட்ட மனுசன்.

நீங்க வேற மாதிரி, அத ஒத்துக்கணும். நீதி மந்திரியா வந்து ஒரு சட்டம் எழுதினீங்க. இனி ரத்தத்துக்கு ரத்தம் கெடையாது, கொலைக்கு கோர்ட்டுதான்னு. நீங்க அத வாசிக்கிறத கதவோரமா நின்னு கேட்டேன். அழுதுட்டேன் ஐயா, நெசமா.

அப்புறம் என்னாச்சு? கையெழுத்துப் போடுற அன்னிக்கு காபி கொண்டாந்தேன். வயசுப்படி குடுத்தேன், நம்ம வழக்கம் அதானே. உங்களுக்கு நாலாவதா வந்துச்சு. தபாலுக்கு அப்புறமாய்யா நீதின்னு கத்திட்டு, பேனாவ வீசிட்டு எந்திரிச்சுப் போனீங்க. காபி முன்னாடி வந்தாத்தான் கையெழுத்துன்னு அடம். மத்தவங்க விடுவாங்களா? அந்தக் காகிதம் இன்னும் உங்க பையிலதான கெடக்கு?

எனக்கென்ன வந்துச்சுன்னா கேக்குறீங்க? கடைத்தெருவுல ஒம்பது வருசமா எனக்குக் காபிய முழங்காலுக்குக் கீழ நீட்டுறாங்க. பழி தீக்காதவனுக்கு அப்படித்தான் குடுப்பாங்க, உங்களுக்குத் தெரியாததா. நானும் வாங்கிக் குடிச்சுட்டு வருவேன். அந்தச் சட்டம் மட்டும் வந்திருந்தா, என்னடா பண்ண, சட்டம் தடுக்குதுன்னு தலை நிமிந்து சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இந்தா, பாலம் வந்துருச்சு. உங்க துப்பாக்கியப் பிடிங்க, குண்டு போட்டுத்தான் இருக்கு; என்னுது என் தோள்ல இருக்கு. ஒம்பது வருசம் முன்னாடி குதிரைச் சந்தையில லெஷ்னு ஒருத்தன சுட்டீங்களே, ஞாபகம் இருக்கா? என் தம்பி அவன். நீங்க வந்த மொத நாளே அடையாளம் தெரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள உங்க முன்னால ரொட்டியும் உப்பும் வச்சு விருந்தாளியாக்கிட்டேன், என்ன பண்றது?

போங்க ஐயா. அக்கரைக்குப் போனதும் இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. எங்க குடும்பத்துல யாரும் முதுகுல சுடுறதில்ல.