ஆழ்கடல் களிப்பாறையில் சிற்றோடுகள் தேடிய பேராசிரியர் வனிதா அவர்களுக்கு

சூரியநெல்லித் தேயிலைச் சரிவில் பிறந்து, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வெயிலில் பணி நிறைவு செய்து, கல்லையும் கடலையும் கலந்தே கற்பித்த எங்கள் நிலவியல் துறைத் தலைவரே, கண்ணாடி தடித்தாலும் கருத்துத் தளராத பெருந்தகையே, வணக்கம்.

இந்த மடலை இன்னும் மிடுக்காக எழுதியிருக்கலாம். தேர்வுத்தாள் திருத்தி ஓய்ந்த கையால் எழுதுகிறோம். தாங்களும் அதே தாள்களைத் திருத்திவிட்டுத்தான் இந்தப் பிரிவுபசார மேடையில் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே அலங்காரம் குறைந்தால் பொறுத்தருள்க.

வெப்பத்தில் உருமாறிப்போன பாலக்காட்டுப் பாறைகளில் புதைபடிவம் தேடி அலையாதீர்கள் என்று முதல் வகுப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிடுவீர்கள். தங்கள் தேடல் வடக்கே, இமயப் பள்ளத்தாக்கு ஒன்றின் கரிய களிப்பாறையில் இருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆழ்கடலின் அடிச்சேறு. அதில் ஆஸ்ட்ரகாட் என்னும் உயிரிகளின் ஓடுகள் கூட்டங்கூட்டமாகப் படிந்திருந்தன. இறாலுக்குத் தூரத்து உறவு, எள்ளளவே உடல், இரண்டு ஓடுகளுக்கு நடுவே ஒரு வாழ்வு. மூச்சுவிட வழியில்லாத அந்தச் சேற்றில் அவை ஊர்ந்திருக்க முடியாது; மேலே திறந்த நீரில் நீந்தி வாழ்ந்து, இறந்தபின் கீழே விழுந்தவை என்றீர்கள். அப்படி நீந்தத் தொடங்கிய காலம் அறிஞர் பலர் கருதியதைவிட முந்தையது என்பது தங்கள் துணிபு. அதற்கான சான்று, பாறையின் மூன்றாம் அடுக்கிலிருந்து தாங்களே வெட்டிக் கொணர்ந்த பலகைக் கற்கள்.

தாயார் சாந்தம்மாள் மருத்துவமனையில் கிடந்த மழைக்காலத்தில் தாங்கள் ஊருக்குப் போயிருந்தீர்கள். கல்லூரிக் கட்டடத்தைப் பழுதுபார்க்க வந்த ஆட்கள் அந்த விடுமுறையில், தாங்கள் கொணர்ந்த கற்கள் இருந்த பின்புற அறையைக் காலி செய்தார்கள். கற்பெட்டிகளைக் கவிழ்த்து, முன்வாசல் பள்ளத்தில் கொட்டி நிரவினார்கள். அவர்களுக்கு அது வெறும் கல்.

திரும்பி வந்த தாங்கள் பையை இறக்கி வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் அமர்ந்தீர்கள். நாங்களும் அமர்ந்தோம். பெரும்பாலானவை நொறுங்கியிருந்தன. ஓடுகள் கூட்டமாக, முழுமையாகத் தெரிந்த ஒரு பலகை மட்டும் தப்பியது. எந்த அடுக்கைச் சேர்ந்தது, எவ்வளவு பழையது என்று காட்டும் சீட்டை மழை கொண்டுபோயிருந்தது.

நம் துறைப் பழனிச்சாமி மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க மேடம், பார்த்தாலே தெரியுதுங்க. மூணாவது அடுக்குன்னே எழுதிப் போடலாமுங்க."

"எனக்கும் அப்படித்தான் தோணுது பழனிச்சாமி," என்றீர்கள். "தோணுறத எழுதி வச்சா, நாளைக்கு இன்னொருத்தரு அத நம்பி அதுக்கு மேல கட்டுவாருல்ல."

சான்றைக் காட்ட இயலாது என்று தெரிவித்து, வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்கவிருந்த கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்றீர்கள். முட்டுவலியோடு மீண்டும் இமயம் ஏறினீர்கள். உடன் வந்த ஆய்வக உதவியாளர் ஆர்த்தி திரும்பியதும் எங்களிடம் சொன்னார்: "நாம வெட்டுன எடத்துல மலையே சரிஞ்சு கெடந்துச்சு. மேடம் ஒரு பாறை மேல உக்காந்துட்டாங்க."

அடுத்த ஆண்டு, வேறொரு நாட்டுக் குழு வேறொரு மலையின் களிப்பாறையிலிருந்து அதே முடிவை வெளியிட்டது. அந்தக் கட்டுரையைத் தங்களிடம் எப்படிக் கொடுப்பது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருக்க, தாங்கள் கைநீட்டி வாங்கி, கடைசி வரி வரை படித்தீர்கள்.

"நல்லா செஞ்சிருக்காங்க. நம்ம பிள்ளைகளுக்கு இதப் பாடமா வைக்கணும்," என்றீர்கள். பிறகு கை கழுவப் போனீர்கள். திரும்பி வர நேரமாயிற்று.

அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்தை, கண்டறிந்தவர்களின் பெயர் சொல்லி, மகிழ்ச்சியோடு நடத்தினீர்கள். நானும் கண்டேன் என்று ஒருநாளும் மாணவரிடம் சொன்னதில்லை. அந்த வரிசையில் தங்கள் பெயர் இல்லாதது எங்களுக்கு இன்றுவரை ஆறவில்லை. தங்களுக்கு ஆறியதா என்று கேட்க இத்தனை ஆண்டும் துணிவு வரவில்லை; இந்த மேடையிலும் கேட்கப்போவதில்லை.

பொறுமைக்குப் பெயர் பெற்றவரே, பொய்க்கு இடங்கொடாதவரே, தங்களுக்குப் பதிலாக இதுவரை எவரும் நியமிக்கப்படவில்லை. இருக்கும் நாங்கள்தான் துறையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதை எண்ணித் தாங்கள் கவலைப்படக் கூடாது. முட்டுவலி தணிந்து, கண்ணுக்கு ஒளி குறையாமல், நல்ல உடல்நலத்தோடு நெடுநாள் வாழ்க.

ஜூன் மாதம் கல்லூரி திறக்கும் காலையில், முதல் வகுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். தாங்கள் உறங்குங்கள்.

அன்பும் அயர்வுமாக,
நிலவியல் துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்