ஒரு வரி ஜன்னல்

ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்கு வரும் காலை பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள், பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“ஆபீஸ் எலக்ட்ரானிக் டைப்ரைட்டர்லயே அவருக்கு எழுதிப் போட்டுட்டனுங்க்கா.”

“புருசனுக்கா? அதுல தமிழ் ஏது கண்ணு?”

“இங்கிலீஷ் எழுத்துலயே தமிழ அடிச்சேனுங்க. கையில எழுதினா மேல எழுதின வரியெல்லாம் படிச்சு, பாவம்னு கிழிச்சுப் போடறேன். மெஷின்ல சின்ன ஜன்னல்ல ஒரு வரிதான் தெரியும், கண்ணு அதுலயே நிக்குது. ரிட்டன் பட்டனை அமுத்தினா அந்த வரி பேப்பர்ல ஏறிரும்.”

“என்னன்னு முடிச்சே?”

“இனி அந்த ஊட்டுக்கு வர மாட்டேனுங்க.”

மூத்தவள் கேட்டாள்.

“கை நீட்டுற ஆளுக்கு ‘ங்க’ என்னத்துக்கு?”

“ஜன்னல்ல இருக்கறப்பவே கடைசில இருந்த ‘unga’வ அழிச்சுப் பார்த்தேனுங்க. ஏதோ கோவத்துல அடிச்சாப்பல இருந்துச்சு. கோவம்னா ரெண்டு நாள்ல வந்துருவேன்னு நெனைச்சுக்குவாரு. திரும்ப ‘ங்க’ போட்டுத்தான் பட்டனை அமுத்தினேன்.”