அத்தை தூக்காத பிள்ளை

— வந்ததுலருந்து வாசல்லயே நின்னா எப்பிடி, பொன்மணி? பிள்ள தூங்கிட்டா, இங்கன கட்டில்ல போடு. மதுரையில என்னதான் சொன்னாக?

— மொதல்ல நான் ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும், மதினி.

— என்கிட்டயா? எதுக்கு?

— நீங்க தூக்கித்தான் எம்பிள்ளைக்கும் ஒங்களப் போலயே கால் வளைஞ்சுபோச்சுன்னு தெருவே கேக்கப் பேசுனேன்ல? ரெண்டு வருசமா அழகுமீனாவ ஒங்க மடியில உக்கார விடல. அது ஒட்டுற நோயே இல்லையாம். பரம்பரையா வாரதாம்.

— ம்.

— எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சத்து ஒன்னுக்குலயே போயிருதாம். நாம கால்சியம் குடுத்தோம், காலையில வெயில்ல நிப்பாட்டுனோம், ஒன்னும் பிரயோசனமில்ல. "வீட்டுல வேற யாருக்கும் இப்பிடிக் கால் இருக்கா"ன்னு டாக்டரம்மா கேட்டாக. ஒங்களச் சொன்னேன். ஒடனே ஒங்க தம்பிய வாயத் தொறக்கச் சொன்னாக.

— முனியராஜையா?

— ஆமா. சொத்தையே இல்லாம சீழ் வச்சு நாலு பல்லு போச்சுல்ல? அதுவும் இதுதானாம். அவுகளுக்குப் பொம்பளப் பிள்ள பெறந்தா கட்டாயம் வருமாம்.

— அவன எங்க?

— பஸ்ஸவிட்டு எறங்குனதும் கம்பெனிக்குப் போயிட்டாக.

— மருந்து இருக்குல்ல, தாயி?

— இருக்கு. ஒரு பொடி, தண்ணியில கரைச்சு நாளைக்கு அஞ்சு வேள. கூட ஒரு மாத்திர. வருசக்கணக்கா குடுக்கணும், ஒரு வேளகூட விடக் கூடாதாம். எட்டு மணிக்கு வேன் ஏறி நாரணாபுரம் பட்டாசு ஆலைக்குப் போனா நான் பொழுதடையத்தான் வாரேன். பால்வாடி டீச்சர் முடியாதுங்காக. ரெண்டு வயசுலயே கூட்டியாந்திருந்தா கால் நேரா வந்திருக்குமாம். இப்ப நாலு வயசு, எம்புட்டு நிமிரும்னு சொல்லத் தெரியலங்காக. நான் என்ன செய்யட்டும், மதினி?

— பகல்ல நான் குடுக்கேன். வீட்டுலதான வெடிக்குப் பேப்பர் குழாய் உருட்டிக்கிட்டு இருக்கேன்.

— ஒங்கள அந்தப் பாடு படுத்துனேன். என்னைய மன்னிச்சிருங்க, மதினி.

— அத மட்டும் கேக்காத.

— ஏன்?

— என் காலுக்கு ஆபரேசன் பண்ணுன டாக்டரு அப்பவே சொன்னாரு, இது ரத்தத்துல வாரது, தம்பியவும் கூட்டியாங்கன்னு. வெளிய தெரிஞ்சா அவனுக்குப் பொண்ணு கெடைக்காதுன்னு எங்காத்தா என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு. ஒன்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, நீ மொதக் காப்பிய என் கையிலதான் குடுத்த, பொன்மணி.