நாலாயிரம் இணைப்புகளில் ஒன்று

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான் ஒலிவாங்கியைத் தொடும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட நூலகக் குழுத் தலைவர் அவர்களே! எல்லாக் கூட்டத்துக்கும் வந்து, எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையிலேயே கண்ணயரும் பெரியோர்களே! வீட்டு வேலையை முடித்து, வெளி வேலையையும் முடித்து, இந்த முதுகு ஒடிக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! காதை என்னிடமும் கண்ணைக் கைப்பேசியிடமும் கொடுத்திருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன். வணங்கி முடித்ததும் கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

இந்த நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டியல் எழுத்தராக இருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன், நம் நூலகத்தின் இணையப் பக்கத்தில் ‘வலைத்தள வழிகாட்டி’ என்று ஒன்றைத் தொடங்கினேன். அது என்ன? புத்தகத்தை அலமாரியில் அடுக்குவதுபோல், நல்ல வலைத்தளங்களைத் தலைப்புவாரியாக அடுக்குவது. உடல்நலம் என்றால் உள்ளே கண், காது, பல். சட்டம் என்றால் உள்ளே வாடகை, வாரிசு, விவாகரத்து. எந்த இயந்திரமும் அடுக்கவில்லை. ஒரு மனிதன் திறந்து பார்த்து, படித்துப் பார்த்து, ஒரு வரி எழுதி வைத்தான். அந்த மனிதன் நான்தான். இன்று அதில் நாலாயிரம் இணைப்புகள் இருக்கின்றன.

அதற்காகக் குழு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. ஒன்று, எனக்கு ஒரு கேடயம். இரண்டு, அடுத்த மாதம் முதல் வழிகாட்டிக்கு மூடுவிழா. இனி அந்த இடத்தில் ஒரே ஒரு தேடல் பெட்டிதான் இருக்குமாம். மாலையைப் போட்டு மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விடுவது என்பார்களே, அதுதான் இது. போதாக்குறைக்கு, தேடுபொறியைப் பாராட்டி நானே பேச வேண்டுமென்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

பாராட்டுகிறேன். மனமாரப் பாராட்டுகிறேன். தேடுபொறி ஒரு விசுவாசமான வேலைக்காரன். கேட்டதைக் கொடுப்பான், கேட்ட நொடியில் கொடுப்பான், கேட்டபடியே கொடுப்பான். என் கோபம் வேலைக்காரன்மீது அல்ல. அவன் எதிரே உட்கார்ந்திருக்கும் முதலாளிகள்மீது. அதாவது, உங்கள்மீது.

நூலகத்துக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருவார். தேடல் பெட்டியில் அவர் என்ன எழுதுவார் தெரியுமா? “ஐயா, எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஓயாமல் சத்தம் போடுகிறது. காரணத்தைத் தயவுசெய்து தெரிவிக்கவும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.” கையெழுத்துப் போட இடம் இல்லையே என்று என்னிடம் வருத்தப்பட்டார். சிரிக்கிறீர்கள். ஆனால் அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஏனென்றால் அவர் கேட்டது கேள்வி. நீங்கள் என்றைக்காவது கேள்வி கேட்டிருக்கிறீர்களா?

காபி நல்லதா கெட்டதா என்று வீட்டில் ஒரு சண்டை. கணவன் ‘காபியின் நன்மைகள்’ என்று தட்டுகிறான். பத்துப் பக்கம் நன்மை கொட்டுகிறது. மனைவி ‘காபியின் தீமைகள்’ என்று தட்டுகிறாள். பத்துப் பக்கம் தீமை கொட்டுகிறது. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள். ஒரே வீடு, ஒரே பெட்டி, ஒரே காபி, இரண்டு உண்மை! இதற்குப் பெயர் தேடலா? பதிலை முன்பே மடியில் கட்டிக்கொண்டு போய், கேள்வி கேட்பதுபோல் நடிப்பதற்குப் பெயர் தேடலா? முதலில் வருவதைத் தொட்டீர்கள். தொட்டதன் ஓரத்தில் ‘விளம்பரம்’ என்று எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறதே, அதையாவது பார்த்தீர்களா? எழுதியவர் யார், எழுதிய ஆண்டு எது, எதை விற்பதற்காக எழுதினார், எதையாவது பார்த்தீர்களா? தட்டினோம், தடவினோம், தலையாட்டினோம். ‘நெட்டில் பார்த்தேன்’ என்று நெஞ்சை நிமிர்த்தினோம்.

பின்வரிசையில் ஒரு தம்பி ஏதோ சொல்கிறார். என்ன? “அவசரத்துக்கு அதுதானே சார் இருக்கு” என்கிறார். இருக்கிறது தம்பி. அவசரத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன், உட்காருங்கள்.

எனக்கு ஒரு அக்கா. தையல் கடை வைத்திருக்கிறார். ஐம்பத்தாறு வயதிலும் கண்ணாடி போடாமல், கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் பித்தான் துளை தைப்பார். ஒரு திங்கட்கிழமை காலை, வலது கண்ணின் ஓரத்தில் மின்னல்போல் பளிச் பளிச்சென்று வெட்டியது. கூடவே கரும்புள்ளிகள், மிளகுத்தூளை விசிறிவிட்டதுபோல். அன்று மாலை கணவரிடம் சொன்னார்.

என் அத்தான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். லிஃப்டில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் இயக்கத்தை நிறுத்திவிட்டு, உள்ளே இறங்கிப் பார்த்த பிறகுதான் ஆளை ஏற்றுவார். அவ்வளவு கெட்டிக்காரர் கைப்பேசியை எடுத்து என்ன தட்டினார்? ‘கண்ணில் கரும்புள்ளி பயப்பட வேண்டாம்’ என்று தட்டினார். கேட்டபடியே வந்தது. பயப்பட வேண்டாம், வயதானால் வருவதுதான் என்று முதல் பத்தி சொன்னது. உரக்கப் படித்துக் காட்டினார். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். அதே பக்கத்தில், நாலாவது பத்தியில், ஒளியும் சேர்ந்து வெட்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள் என்று எழுதியிருந்தது. நாலாவது பத்திக்கு விரல் போகவில்லை. வேண்டிய பதில் கிடைத்த பிறகு விரல் எதற்குப் போகப் போகிறது?

திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன் போனது. வியாழக்கிழமை, ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இழுத்து மூடியது. விழித்திரை கிழிந்து, பிரிந்து, நடுப்பகுதிவரை கழன்றுவிட்டது என்றார் மருத்துவர். திங்கட்கிழமையே வந்திருந்தால் கிழிசலைச் சுற்றி லேசரால் ஒட்டவைத்து அனுப்பியிருப்பேன் என்றார். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்று என் அக்காவின் வலக் கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது. ஊசி தெரியவில்லை.

மருத்துவமனை நடைபாதையில் அத்தானை நான் பிடித்த பிடி இருக்கிறதே! இதுவரை உங்களைத் திட்டினேனே, இது அத்தனையும் அன்று அவருக்காகத் தயாரானதுதான். படித்தவரா நீங்கள், பாதிப் பக்கம் படித்தவரா என்று கத்தினேன். அந்த மனிதர் சுவரைப் பார்த்து நின்றார். செவிலியர் வந்து, சத்தம் போடாதீங்க, உள்ளே நோயாளி இருக்காங்க என்று அதட்டினார். அப்போது உள்ளேயிருந்து அந்த நோயாளியே என்னைக் கூப்பிட்டார். போனேன். ஒரு கண்ணில் கட்டு. மறு கண்ணால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அவரத் திட்டாதடா. அவர் தேடினது அப்புறம். காலையிலயே கடைல உக்காந்து நான் முதல்ல உன்னோட வழிகாட்டியத்தான் திறந்தேன்.”

சபையோர்களே, கேளுங்கள். உடல்நலம் என்ற தலைப்பைத் திறந்திருக்கிறார். கண் என்ற தலைப்பைத் திறந்திருக்கிறார். அங்கே, ‘உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்’ என்று என் கையால் ஒரு வரி எழுதி, ஒரு கண் மருத்துவமனையின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். அதை அழுத்தியிருக்கிறார். ‘இந்தப் பக்கம் இப்போது இல்லை’ என்று வந்திருக்கிறது. மூன்று முறை அழுத்தியிருக்கிறார். மூன்று முறையும் இல்லை.

“அப்பவே எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேக்கா” என்றேன்.

“பெரிய விஷயமா இருந்தா அந்தப் பக்கம் இல்லாமப் போக நீ விட்டிருக்க மாட்டியேன்னு நெனச்சேன்டா.”

அந்த மருத்துவமனை தன் தளத்தை மாற்றிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த இணைப்பை நான் கடைசியாகத் திறந்து பார்த்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. ஏன் பார்க்கவில்லை? குழுவுக்கு ஆண்டுதோறும் ஒரு படிவம் அனுப்புகிறேன். அதில் ‘இந்த ஆண்டு சேர்த்தவை’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘இந்த ஆண்டு திறந்து பார்த்தவை’ என்று ஒரு கட்டம் கிடையாது. இருக்கிற கட்டத்தை நிரப்பினேன். ஆயிரம் என்று நிரப்பினேன், ஈராயிரம் என்று நிரப்பினேன், நாலாயிரம் என்று நிரப்பி, நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த அரங்கில் ஏளனத்துக்கு உரியவன் எவன் என்று தேட வேண்டாம். எந்தப் பெட்டியிலும் தட்ட வேண்டாம். ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறான்.

அதற்குப் பிறகு, பதினொரு வேலை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாக அழுத்திப் பார்த்தேன். நாலாயிரத்தில் ஆயிரத்து முந்நூற்று எழுபது செத்துக் கிடக்கின்றன. ஏழு இணைப்புகள் சூதாட்டத் தளங்களுக்குப் போகின்றன. அதில் ஒன்று, குழந்தை வளர்ப்பு என்ற தலைப்பின் கீழ். தலைவர் அவர்களுக்கு இது இப்போதுதான் தெரிகிறது. அவர் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்கும் தெரியும்.

ஆகவே கேடயம் வேண்டாம் ஐயா, அதை வாங்க என் கை நீளாது. வழிகாட்டியை அப்படியே காப்பாற்றுங்கள் என்றும் கேட்க மாட்டேன். செத்ததை எல்லாம் அழித்துவிடுங்கள். பாதி உயிரோடு இருப்பதையும் அழித்துவிடுங்கள். இருநூறு இணைப்பு மட்டும் என்னிடம் விடுங்கள். மாதம் ஒருமுறை இருநூறையும் திறந்து பார்ப்பேன். கடைசியாகப் பார்த்த தேதியை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுவேன். தேதி பழையதாக இருந்தால், நூலகத்துக்கு வந்து, இதே வாயால் நான் உங்களைத் திட்டியதுபோல் நீங்கள் என்னைத் திட்டலாம். பக்கத்திலேயே தேடல் பெட்டியும் இருக்கட்டும், தாராளமாக இருக்கட்டும்.

பெட்டி தூங்காது, ஆனால் உங்களுக்காகக் கவலைப்படாது. கவலைப்பட வேண்டிய மனிதன் தூங்கிவிட்டான். ஆகவே தாய்மார்களே, தம்பிகளே, யாரையும் நம்பி விரலை நிறுத்தாதீர்கள். பயப்பட வேண்டாம் என்று தட்டாதீர்கள், பயப்பட வேண்டுமா என்று தட்டுங்கள். பிடித்த பதில் வந்த பிறகும் படியுங்கள். பிடிக்காத பதில் வரும்வரை படியுங்கள். பக்கம் இல்லை என்று வந்தால், ஆபத்து இல்லை என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். உடம்பு சொன்னால், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

அக்காவை இன்று அழைத்தேன். வரவில்லை. பேருந்தின் படி எவ்வளவு உயரம் என்பது ஒற்றைக் கண்ணுக்கு இன்னும் பிடிபடவில்லையாம், பழகியதும் வருகிறேன் என்றார். இவ்வளவு நேரம் திட்டு வாங்கியும் எழுந்து போகாமல், இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. வணக்கம்.