சேணக்காரர் தெரு மகான்

கோப்பையை விளிம்பு வரை நிரப்பிவிட்டீர்கள். எங்கள் கோகந்து நகரில் அப்படி ஊற்றினால் விருந்தாளி எழுந்து போகலாம் என்று பொருள். நீங்கள் வெளியூர்க்காரர், விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் போக அவசரமில்லை.

முப்பது வருடம் பள்ளியில் சரித்திரம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு சேணக்காரர் தெருவைக் காப்பாற்றுவதே வேலையாகிவிட்டது. அகலச் சாலைக்காக அதை இடிக்கத் தீர்மானித்தார்கள். செதுக்கிய தூண்கள், கான் காலத்துக் கதவுகள் என்று மனு மேல் மனுவாக எழுதினேன். பதில் வந்தது, நன்றி என்று.

நம் மக்கள் கதவை இடிப்பார்கள், சமாதியை இடிக்க மாட்டார்கள். அதனால் தெருக்கோடியில் காலி முற்றத்து முசுக்கட்டை மரத்தடியில், நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய மகான் ஒருவர் அடங்கியிருப்பதாகப் பத்திரிகையில் எழுதினேன். மண்ணைக் குவித்து, கம்பு நட்டு, மகான் சமாதிக்கு அடையாளமாகக் குதிரைவால் கட்டினேன். சில நாளில் கம்பு தெரியாத அளவுக்கு வேண்டுதல் துணிகள் தொங்கின. இடிக்க வந்த இயந்திரத்தின் ஓட்டுநர் கீழே இறங்கி, கையேந்தி வேண்டி, முகத்தைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நகராட்சி ஒரு குழுவை அனுப்புவதாகச் சொன்னது. பேட்டையின் மூத்தவரைக் கேட்பார்கள். மூத்தவர் வாய்ச்சொல் இங்கே பத்திரத்துக்குச் சமம். எங்கள் மூத்தவர் எர்காஷ் பெரியவர். குழு வருவதற்கு முந்தைய நாள் அவரைத் தேநீருக்கு அழைத்தேன்.

"மகானா? அங்க எங்கப்பா கழுதை கட்டி வெச்சிருந்தாரு வாத்தியாரே," என்றார். "அதுல எதாச்சும் ஒரு கழுத மகானாப் போயிருந்தா எனக்குத் தெரியாது."

அவர் சிரித்தால் மேல்வரிசைத் தங்கப்பற்கள் முழுதும் தெரியும்.

"நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவீங்க, பெரியவரே?"

"உள்ளதத்தான் சொல்லுவேன். இந்த வயசுல பொய்யச் சொல்லிட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மேல போறது? அதோட புது வீட்டுல கொழாயத் திறந்தா வெந்நீர் வருதாமே. உன் செதுக்குத் தூணுல வருமா?"

அவருடைய கோப்பையை விளிம்பு வரை நிரப்பினேன். அவர் அதைப் பார்த்தார். "என்னப்பா, தொரத்துறியா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தார். அதில் என்னுடைய தூக்க மாத்திரைகள் இருந்தன. மிச்சத்துக்குத் தலையணை போதுமானதாக இருந்தது. முறைப்படி குளிப்பாட்டினேன், வெள்ளைத் துணி சுற்றினேன், முகத்தைக் கிப்லா பக்கம், மக்காவை நோக்கித் திருப்பி மரத்தடியில் வைத்தேன். மண் ஏற்கெனவே குவிந்திருந்ததால் புதுமண் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

மறுநாள் குழு வந்தது. பெரியவரைக் காணோம். வயதானவர், எங்காவது வழி தவறியிருப்பார் என்றார்கள். அவருக்கு அடுத்த மூத்தவன் நான். என்னைக் கேட்டார்கள், சொன்னேன். தெரு தப்பியது.

அவர் மகள் ஹனிஃபா வியாழன்தோறும் வருவாள். அப்பா திரும்பி வரவேண்டும் என்று மகானை வேண்டி ஒரு துணி கட்டிவிட்டுப் போவாள். "மகான் கைவிட மாட்டாரு இல்லீங்களா, வாத்தியாரய்யா?" என்பாள். மாட்டார் என்பேன். அவளுக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவேன், மரியாதையாக.

போன வாரம் பக்தர்கள் சமாதிக்கு நீல ஓடு பதிக்க ஆசைப்பட்டு அடித்தளம் தோண்டினார்கள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கொத்தனார் மண்டையோட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "நானூறு வருஷத்துக்கு முன்னாடி மகானுக்குத் தங்கப்பல் கட்டுன வைத்தியர் யாருப்பா?" என்று கேட்டாராம். பக்கத்தில் ஹனிஃபா துணியோடு நின்றிருந்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும்.

பல்லை நான் கவனித்திருக்க வேண்டும். ஆய்வில் அது குறைதான்.

ஆனால் பொய் எழுதியதாக என் மேல் வழக்குப் போடாதீர்கள். அங்கே சமாதி இருக்கிறது என்று எழுதினேன், இருக்கிறது. உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மறுத்த ஒருவர் அதில் அடங்கியிருக்கிறார். மகான் என்று வேறு யாரைச் சொல்வது? நானூறு ஆண்டு என்றிருப்பதை மட்டும் மூன்று ஆண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.