வாடைக்கு விடப்படும்

— காந்தத்தைக் கண்ணாடியோரமா மெதுவா இழுங்க, தினகரன் சார். இது மீன் தொட்டி. நீங்க ரிட்டயர் ஆன டேங்க் பாக்டரி இல்ல.

— மெதுவாத்தான் இழுத்துகினு கீறேன், டீச்சர். தண்ணில கலக்குன கருப்புத் தூளு பூரா மந்திரிச்சு உட்ட மாரி பின்னாடியே வருது. இன்னா போட்டு செஞ்சீங்க இத்த?

— அனல் மின்நிலையச் சாம்பலைக் காஸ்டிக் சோடாவோட குக்கர்ல வேகவெச்சா ஜியோலைட். அதுமேல இரும்பு உப்பு சேர்த்தேன். அதனால காந்தத்துக்குக் கட்டுப்படுது.

— போன வாரம் எனக்குப் பருப்பு கடைஞ்சு குடுத்தீங்களே, அதே குக்கரா?

— அது வேற குக்கர். பயப்படாம இழுங்க.

— மீனு கழிவுல வர்ற அமோனியா எப்டி இதுக்குள்ள பூருது?

— தூள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அறைகள். அதுல சோடியம் குடியிருக்கு. அமோனியா உள்ளே வந்தா சோடியம் காலி பண்ணிடும். அப்புறம் உப்புத் தண்ணியில கழுவினா அமோனியாவும் காலி பண்ணும். தூளை மறுபடியும் பயன்படுத்தலாம்.

— நம்ம ஆவடி குவார்ட்டர்ஸ் கணக்கா. ஒருத்தன் டிரான்ஸ்பர்ல போனா இன்னொருத்தன் வந்துருவான். என் மாடி போர்ஷனுக்குத்தான் ஒரு ஆளும் வர்ல. போர்டே வெய்யில்ல வெளுத்துப்போச்சு.

— ‘வாடைக்கு விடப்படும்’னு எழுதியிருக்கீங்க. வாடைக்கு யார் குடிவருவாங்க? ‘வாடகை’யில ‘க’வை விட்டுட்டீங்க.

— பொண்டாட்டி போனப்பறம் வெத்து ஊட்டுக்கு எழுத்துப்பிழை ஒரு கேடா, டீச்சர்.

— சரி, இன்னையோட என் சோதனை முடிஞ்சது. தூள் வேலை செய்யுது. பெங்களூர்ல மகள் தன்னோடயே வந்து இருக்கச் சொல்றா.

— முடிஞ்சுதா? ஞாயித்துக்கெழம ஆனா டெஸ்ட்டு தண்ணி பச்சையா மாறி அமோனியானு காட்டுதே. நீங்க பூட்டீங்கன்னா இதுங்க கதி?

— வியாழக்கிழமை நீங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தப்போ வந்து சோதிச்சேன். மஞ்சள். துளி அமோனியா இல்ல.

— அப்டியா.

— சனிக்கிழமை சாயந்திரம் எவ்வளவு தீனி போடுறீங்க?

— அதுங்க பசில வாயத் தொறந்துகினு...

— மீன் எப்பவும் வாயைத் திறந்துக்கிட்டுத்தான் இருக்கும்.

— ரெண்டு பிடி சேத்துப் போடுவேன். தண்ணி கெட்டாத்தானே நீங்க வருவீங்க. கோவமா?

— கோபம்தான். இனிமே அந்த வாயில்லா ஜீவன்களைப் படுத்தக்கூடாது. போய் ஏணியை எடுத்துட்டு வாங்க.

— ஏணி எதுக்கு?

— போர்டைக் கழற்ற. பிழையோட ஒரு வாக்கியம் என் வீட்டு வாசல்ல தொங்கக்கூடாது.