என்னையும் சேத்து ஓடிடு

சத்யா: ...அந்தப் பக்கம் வேணாண்ணா. இந்தப் பக்கமா வந்து நடங்க.

செல்வன்: ஏம்மா, யுனிவர்சிட்டிக்குள்ள இந்நேரத்துக்கு லாரியா வரப் போவுது?

சத்யா: வலது பக்கம் ஒரு ஆளு எடம் விட்டு நடங்க. அவ்ளோதான்.

செல்வன்: எதுக்கு?

சத்யா: பழக்கம். லீவு நாள்ல கடலூர்லேர்ந்து வந்தா அவரு அந்தப் பக்கம் தான ஓடுவாரு.

செல்வன்: சத்யா, காலங்காத்தால இப்டிப் பேசாத. பனி வேற. பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியல.

சத்யா: பயமாண்ணா? தொப்பையப் பாத்தா பயப்படற ஆளு மாதிரி தெரியலயே. போன வருஷம் ஒட்டிப் போயிருந்த வயிறு...

செல்வன்: ஓடறத விட்டு ஒரு வருஷம் ஆவுதும்மா. கதிர்வேலு போனதுக்கப்புறம் ஷூவத் தொடல.

சத்யா: ஆபீஸ்ல வேற யாரும்?

செல்வன்: ஒருத்தரும் இல்ல. திருநாவுக்கரசு சார் தான் இந்த மார்கழிக்கு மறுபடி ஆரம்பிப்போமான்னாரு. அனுப்பிரியா சண்டைக்கே வந்துடுச்சு. "கதிர்வேல் சார் இல்லாம என்னா சார் ஓட்டம்"னு...

சத்யா: நல்ல பொண்ணு. வாங்க, இந்த மதகு மேல உக்காருவோம். ஃப்ளாஸ்க்ல டீ கொண்டாந்தேன்.

செல்வன்: உக்காரலாம்... மணி என்னா ஆவுது?

சத்யா: அஞ்சு நாப்பது. வந்ததுலேர்ந்து மணியே பாக்கறீங்களே, பஸ்ஸுக்கா?

செல்வன்: இல்ல... சும்மா. ஏம்மா, எதுக்கு மூணு டம்ளரு?

சத்யா: ஊத்திட்டேன். இருக்கட்டும், ஆறட்டும்.

செல்வன்: சத்யா...

சத்யா: சொல்லுங்கண்ணா. நாலு மணி பஸ்ஸப் புடிச்சு வந்திருக்கீங்க. தேர் பாக்கவா வந்தீங்க?

செல்வன்: தேரும் பாக்கலாம்... அது இல்லம்மா. எப்டிச் சொல்றதுன்னு தெரியல. நாங்க ஓடறத காட்டற ஆப்பு ஒண்ணு இருக்கில்ல, அதுல நம்ம குரூப்புல கதிர்வேலு பேரு இன்னும் இருக்கு. எடுக்க யாருக்கும் மனசு வரல.

சத்யா: சரி.

செல்வன்: மார்கழி ஒண்ணாந் தேதிலேர்ந்து அவன் ஓடறாம்மா.

சத்யா: யாரு?

செல்வன்: அவன் பேர்ல ஓடுது. தெனம் காலையில அஞ்சு கிலோமீட்டர். கடலூர்ல இல்ல. இதோ, இந்த ரோடு. இந்த அண்ணாமலை நகர். நேத்தோட பதினேழு நாளு. ஒரு நாள் தவறல.

சத்யா: அவரு பாஸ்வேர்ட யாராவது...

செல்வன்: அனுப்பிரியாவும் அதத்தான் சொல்லுச்சு, ஹேக் பண்ணிட்டாங்கன்னு. ஆனா நெஞ்சுத் துடிப்பு காட்டுதே! நூத்தி நாப்பது, நூத்தி நாப்பத்தஞ்சுன்னு. கையில கட்டினா தாம்மா அது வரும். திருநாவுக்கரசு சார் மூணாம் நாளே குரூப்ப விட்டுப் போயிட்டாரு. அவுங்க வீட்ல தாயத்து கட்டி விட்டிருக்காங்க.

சத்யா: அய்யோ, அந்த ஒசரத்துக்கு தாயத்து வேறயா! சிரிப்பு வருதுண்ணா.

செல்வன்: சிரிக்காத. அதுவும் சரியா அஞ்சு அம்பத்திரெண்டுக்கு ஆரம்பிக்குது. நாங்க எப்பவும் அஞ்சரைக்கு தான் ஓடுவோம். இது ஏன் அஞ்சு அம்பத்திரெண்டு? ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்லம்மா. அதென்னா கணக்கு?

சத்யா: எங்கிட்ட கேட்டா?

செல்வன்: அந்த வாட்ச் எங்க இருக்கு?

சத்யா: எந்த வாட்ச்?

செல்வன்: தீபாவளிக்கு நீ வாங்கிக் குடுத்தியே. சிம் போட்டது. போன் கையில இல்லன்னாலும் அவன் எங்க ஓடறான்னு காட்டுமே, அது.

சத்யா: அது அவரோட போயிருச்சுண்ணா.

செல்வன்: போயிருச்சுன்னா?

சத்யா: கையில கட்டியிருந்துச்சு. அப்டியே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மேல்பட்டாம்பாக்கத்துல, ஆத்தங்கரையில கொள்ளி வைக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னீங்களே. பாக்கலயா?

செல்வன்: துணி மூடியிருந்துச்சு. மாலை வேற... கையப் பாக்கல.

சத்யா: அப்ப எரிஞ்சு போன வாட்ச் தான் ஓடுது.

செல்வன்: வேணாம்மா... எனக்கு ரெண்டு வாரமா தூக்கம் இல்ல. அந்த நேரம் ஆனா போன்ல 'டிங்'குன்னு வருது. 'கதிர்வேல் ஓடத் தொடங்கிவிட்டார்'னு. எம் பொண்டாட்டி அந்த ஆப்பத் தூக்கிப் போடுன்றா. முடியல.

சத்யா: ஏன் முடியல?

செல்வன்: ...தெரியல.

சத்யா: சரி, டீயக் குடிங்க. அந்தக் காலைய இன்னொரு தடவ சொல்லுங்கண்ணா.

செல்வன்: எந்தக் காலைய?

சத்யா: போன வருஷம் தேர் அன்னிக்கு. ஞாயித்துக்கெழம. சில்வர் பீச்ல கடைசியா அவரு கூட ஓடினது நீங்க தான.

செல்வன்: எத்தன தடவம்மா... காரியத்தப்ப சொன்னேன். வீட்டுக்கு வந்தப்பல்லாம் சொன்னேன்.

சத்யா: ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புதுசாச் சொல்லுவீங்க. அதான் கேக்க ஆசையா இருக்கு.

செல்வன்: ...அஞ்சரைக்கு கெளம்பினோம். நல்லாத் தான் ஓடினான். சிரிச்சிக்கிட்டே, "இன்னும் ரெண்டே நாளு மச்சான், போகிய தாண்டிட்டோம்னா காணும் பொங்கலுக்கு பிச்சாவரத்துல போட் சவாரி நம்முளுது"ன்னான்.

சத்யா: ஆமா, அந்தப் பந்தயம். மார்கழி முழுக்க உங்க செக்‌ஷன்ல ஆறு பேரும் ஓடணும். ஒருத்தர் ஒரு நாள் விட்டாலும் மொத்த செக்‌ஷனும் அவுட்டு, இல்ல?

செல்வன்: ஆமா. தோத்தா பக்கத்து செக்‌ஷன் ஆளுங்கள குடும்பத்தோட நாங்க கூட்டிட்டுப் போவணும். எப்படா கவுப்போம்னு அவனுங்க பாத்துக்கிட்டே இருந்தானுங்க.

சத்யா: கிறிஸ்மஸ் வந்துச்சு, நியூ இயர் வந்துச்சு. ஊருக்குப் போறது, காய்ச்சல்ல படுக்கிறது... ஆறு பேர்ல ஒருத்தருமா ஒரு நாள் விடல?

செல்வன்: ...சமாளிச்சோம்.

சத்யா: எப்டி சமாளிச்சீங்க?

செல்வன்: அது விடும்மா, ஆபீஸ் வெளையாட்டு.

சத்யா: சரி, விட்டேன். கடைசியா என்னா சொன்னாரு?

செல்வன்: உன்னப் பத்தி தான். "சத்யா தேர் வடம் புடிக்கப் போயிருக்கா, நானும் மத்தியானம் போவணும்"னான். மஞ்சக்குப்பத்துல அவன் வீட்டு வாசல்ல விட்டுட்டு வந்தேன். திரும்பிப் பாத்து கைய ஆட்டினான்.

சத்யா: எந்தக் கைய?

செல்வன்: என்னா?

சத்யா: ஆட்டினாரே. வாட்ச் கட்டின கையா?

செல்வன்: ஆமா... எடது கை.

சத்யா: நல்லா ஞாபகம் இருக்காண்ணா?

செல்வன்: இருக்கு. எடது கை தான். வாட்ச்சு பளிச்சுனு... ஏய், பின்னாடி யாரோ நடக்கிற மாதிரி இல்ல?

சத்யா: எல தண்ணி சொட்டுது. உங்க போன் தான் கத்துச்சு. பாருங்க.

செல்வன்: ...அஞ்சு அம்பத்திரெண்டு.

சத்யா: என்னா போட்டிருக்கு?

செல்வன்: 'கதிர்வேல் ஓடத் தொடங்கிவிட்டார்.'

சத்யா: எங்க இருக்காராம்?

செல்வன்: இரு... மேப்பத் தொறக்கறேன்... இந்த ரோடு தான். இந்த வளைவு, இந்த மதகு... சத்யா, புள்ளி இங்க தாம்மா காட்டுது. நம்ம மேலயே நிக்குது!

சத்யா: எழுந்திரிங்க. நடப்போம்.

செல்வன்: நகருது. நாம நடந்தா அதுவும் நகருது... நின்னா நிக்குது. துடிப்பு வேற காட்டுது. எம்பத்தெட்டு, தொண்ணூறு... உசுரோட இருக்கிறவனுக்குத் துடிக்கிற மாதிரி... கதிரு... டேய், கதிரு...

சத்யா: கூப்புடாதீங்க.

செல்வன்: என்ன விட்டுடச் சொல்லும்மா அவன!

சத்யா: அண்ணா, அவரு எடது கைக்காரரு. வாட்ச்ச வலது கையில தான் கட்டுவாரு. ரெண்டு வருஷமா கூட ஓடினவருக்கு அது தெரியாதா?

செல்வன்: ...தெரியும்.

சத்யா: வீட்டு ஓனர் வைத்திலிங்கம் மாமா கதவ ஒடச்சுப் பாத்துட்டு போன் பண்ணினாரு. நான் கடலூர் வந்து சேர மணி மூணு. கெடந்தவரு கையப் புடிச்சிக்கிட்டு தான் அழுதேன். ரெண்டும் வெறுங்கை. அப்புறம் நீங்க வந்தீங்க. பக்கத்துல உக்காந்து, அவரு கையத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு ஓன்னு அழுதீங்க. நீங்க எழுந்து போனப்ப எடது கையில வாட்ச் இருந்துச்சு.

செல்வன்: பாத்துட்டியா...

சத்யா: அன்னிக்கே பாத்துட்டேன்.

செல்வன்: பதட்டத்துல எந்தக் கைன்னு கூட... ஜில்லுனு இருந்துச்சும்மா. பக்கிள் மாட்டவே முடியல. யாராவது பாத்துடுவாங்களோன்னு அழுதுக்கிட்டே மாட்டினேன்.

சத்யா: அது எப்டி உங்க கிட்ட வந்துச்சு?

செல்வன்: சனிக்கெழம ஆபீஸ் விட்டு கெளம்பறப்ப கழட்டிக் குடுத்தான். "நெஞ்சு ஒரு மாதிரி கரிக்குது மச்சான், கேஸு போல. நாளைக்கு எழுந்திரிக்க முடியாது. என்னையும் சேத்து ஓடிடு"ன்னான். நாங்க எல்லாருமே அப்டி தாம்மா. வர முடியலன்னா வாட்ச்ச இன்னொருத்தர் கையில கட்டி விட்டுடுவோம். வாட்ச் டூட்டின்னு பேரு. கிறிஸ்மஸ் அன்னிக்கு அனுப்பிரியாவுது எங்கிட்ட தான் இருந்துச்சு.

சத்யா: நெஞ்சு கரிக்குதுன்னாரா...

செல்வன்: நான் கிண்டல் பண்ணினேன். "மூணு பஜ்ஜி ஜாஸ்தியா தின்னா கரிக்காம இனிக்குமா, போயி சோடா குடி"ன்னேன். வாடா டாக்டர் கிட்ட போவலாம்னு ஒரு வார்த்த வரல எனக்கு. அவன் ரூம்ல தனியாக் கெடந்தப்ப நான் ரெண்டு கையிலயும் வாட்ச்சக் கட்டிக்கிட்டு பீச்ல ஓடறேன். என் நெஞ்சு துடிக்கிறது அவன் பேர்ல போயிக்கிட்டு இருக்கு.

சத்யா: ஆறு மணி வாக்குல தூக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு.

செல்வன்: நானும் பக்கத்துல தாம்மா நின்னேன். கேட்டேன்.

சத்யா: அப்பவாவது ஏன் சொல்லல?

செல்வன்: எல்லாரும் ஆப்பப் பாத்துட்டு "காலையில கூட ஓடியிருக்கானே"ன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன். ஒரு தடவ ஆமான்னதுக்கப்புறம் அவன் சிரிச்சான்னேன், கைய ஆட்டினான்னேன்... உனக்கும் ஆறுதலா இருக்கும்னு. "ஓடி ஓடியே எம் புள்ள செத்தான், பொண்டாட்டி தடுத்திருக்கக் கூடாதா"ன்னு உங்க மாமியா அமராவதியம்மா இன்னிக்கும் உன்னத் திட்றாங்க. அவன் அன்னிக்கு ஓடவே இல்லன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நானு. வாயத் தொறக்கல. பாவிம்மா நான். செருப்பக் கழட்டி அடிச்சிரு.

சத்யா: அடிக்கவா பதினெட்டு நாளு ஓடினேன்?

செல்வன்: ...நீயா?

சத்யா: இதோ. ஸ்வெட்டருக்குள்ள தான் இருக்கு. அவர எடுக்கறப்ப நான் தான் கழட்டி வச்சேன். இப்ப கைய உள்ள விட்டு அமுக்கினேன், நீங்க பாக்கல.

செல்வன்: அப்ப... அந்த மூணாவது டம்ளரு?

சத்யா: அது அவருக்கு தான். அதுல ஏமாத்து இல்ல.

செல்வன்: என்ன வர வைக்கத் தான் இதெல்லாம் செஞ்சியா?

சத்யா: வருவீங்கன்னு தெரியும். வராம இருந்தாலும் ஓடியிருப்பேன்.

செல்வன்: எனக்குப் புரியலம்மா. வாட்ச்ச நான் கட்டினத அன்னிக்கே பாத்த. ஒரு வருஷமா என்ன ஒரு வார்த்த கேக்கல. மாமியா கிட்ட சொல்லியிருந்தா உம் மேல இருந்த பழி அன்னிக்கே போயிருக்கும். நான் பொய் சொல்லச் சொல்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்த...

சத்யா: கேக்க நல்லா இருந்துச்சுண்ணா. அவரு ஓடினாரு, சிரிச்சாரு, கைய ஆட்டினாரு... அது நெசமா இருந்தா எனக்கும் நல்லது தான்.

செல்வன்: உனக்கென்னா? நீ என்னா தப்பு பண்ணின?

சத்யா: மேளச் சத்தம் கேக்குதா? தேர் வடத்துல கை வச்சிட்டாங்க போல.

செல்வன்: சத்யா, பேச்ச மாத்தாத. ஏன் அஞ்சு அம்பத்திரெண்டு? அத மட்டும் சொல்லு.

சத்யா: ...அன்னிக்கு கீழ வீதியில தேர்க் கூட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். அஞ்சு அம்பத்திரெண்டுக்கு அவரு கூப்ட்டாருண்ணா. ரிங்கு முழுசாப் போயி நின்னுது. நான் எடுக்கல. ஆப்பத் தொறந்து பாத்தேன், பீச்ல புள்ளி நகந்துக்கிட்டு இருந்துச்சு. கை பட்டு வந்திருக்கும்னு போனப் பையில போட்டுட்டேன்... ஓடிக்கிட்டுல்ல இருந்தாரு.